மலைச்சாலையில் மின்னூர்தியால் கேரவன் இழுத்தல்

மின்னூர்தியால் கேரவன் இழுத்தல் என்பது மின்கலத்தால் இயங்கும் வேன் அல்லது காரின் பின்புறம், தங்கும் வசதி கொண்ட இழுவண்டி ஒன்றைக் கொக்கியால் இணைத்துச் சாலையில் இழுத்துச் செல்வதாகும். கேரவனை இணைத்தவுடன் மின்னூர்தி ஒரு மின்னேற்றத்தில் செல்லக்கூடிய தொலைவு வெகுவாகக் குறைந்துவிடும். இக்குறைவு சமவெளியில் ஒரு காரணத்தாலும் மலைச்சாலையில் வேறொரு காரணத்தாலும் ஏற்படுகிறது. தமிழ்நாட்டின் தேனி மாவட்டத்தில் போடிநாயக்கனூரிலிருந்து கேரள எல்லையில் உள்ள போடிமெட்டு வரை ஏறும் சாலையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்வேறுபாடு இங்கு விளக்கப்படுகிறது.

பெயர்

கேரவன் என்ற சொல் பாரசீக மொழியில் ஒட்டகங்களோடு கூட்டமாகச் செல்லும் வணிகர் குழுவைக் குறித்த கார்வான் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஐரோப்பாவில் இது சக்கரங்கள் மேல் அமைந்த சிறு வீட்டைக் குறிக்கலாயிற்று. செருமனியைச் சேர்ந்த அரிஸ்ட் டெத்லெஃப்ஸ் 1931 ஆம் ஆண்டில் தம் குடும்பத்தோடு பயணம் செய்வதற்காகக் கார் இழுக்கும் வீட்டு வண்டி ஒன்றைக் கட்டினார். அந்நாட்டின் கேரவன் தொழிலின் தொடக்கம் இதுவே.

தமிழ்நாட்டில் இச்சொல்லுக்கு வழங்கும் பொருள் வேறு. படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் பேருந்து போன்ற ஊர்தியே இங்கு பலருக்கும் கேரவன். அதற்குத் தனி எஞ்சினும் ஓட்டுநர் இருக்கையும் உண்டு. வேறு வண்டி அதை இழுப்பதில்லை. தேனி, போடி வட்டாரங்களில் படப்பிடிப்புகள் நிறைய நடப்பதால் இவ்வகை ஊர்திகள் அப்பகுதி மக்களுக்குப் புதியவை அல்ல. கேரள அரசு 2021 ஆம் ஆண்டில் அறிவித்த கேரவன் சுற்றுலாத் திட்டமும் பெரும்பாலும் தானே ஓடும் ஊர்திகளைப் பற்றியதே. அத்திட்டத்தின் முதல் கேரவன் பூங்கா போடிமெட்டுக்கு அப்பால் உள்ள இடுக்கி மாவட்டத்தின் வாகமண்ணில் 2022 இல் தொடங்கப்பட்டது. இக்கட்டுரையில் கேரவன் என்பது எஞ்சின் இல்லாத, இழுத்துச் செல்லப்படும் வண்டியை மட்டும் குறிக்கும்.

போடிமெட்டுச் சாலை

போடிநாயக்கனூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 350 மீட்டர் உயரத்திலும், போடிமெட்டு ஏறத்தாழ 1,370 மீட்டர் உயரத்திலும் அமைந்துள்ளன. இரண்டுக்கும் இடையே சாலைத் தொலைவு சுமார் 26 கிலோமீட்டர். மலையடிவாரத்தில் உள்ள முந்தல் வரை சாலை பெரிதாக ஏறுவதில்லை. அதன் பிறகு 17 கொண்டை ஊசி வளைவுகளுடன் மேலே செல்கிறது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 49 என்றும், இப்போது தேசிய நெடுஞ்சாலை 85 என்றும் வழங்கும் இச்சாலை கொச்சியையும் மதுரையையும் மூணாறு வழியாக இணைக்கிறது. போடிமெட்டிலிருந்து மூணாறு வரையான ஏறத்தாழ 42 கிலோமீட்டர் பகுதி அகலப்படுத்தப்பட்டு 2024 சனவரியில் திறந்து வைக்கப்பட்டது. மழைக்காலத்தில் தமிழ்நாட்டுப் பகுதியில் பாறைகள் உருண்டு போக்குவரத்து தடைப்படுவதுண்டு.

ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளர்களின் சீப்புகளும், சரக்கு லாரிகளும், மூணாறு செல்லும் சுற்றுலா ஊர்திகளுமே இச்சாலையில் மிகுதி. இழுவைக் கேரவன் இங்கு அரிய காட்சி. எனினும் பாரத்தை இம்மலையில் ஏற்றி இறக்குவது பழைய சிக்கல்தான். மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் குண்டளை வழியாகச் சிறு இருப்புப்பாதையில் டாப் ஸ்டேசனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் கோட்டகுடிக்கு இறக்கப்பட்டு, மாட்டு வண்டிகளில் போடியை அடைந்தது. 1924 ஆம் ஆண்டு பெருவெள்ளம் அவ்விருப்புப்பாதையை அழித்துவிட்டது.

கணக்கிற்கான அளவுகள்

கீழ்வரும் கணக்குகளில் வேனின் எடை 2,500 கிலோகிராம், கேரவனின் எடை 1,200 கிலோகிராம், ஆக மொத்தம் 3,700 கிலோகிராம் என்றும், வேனின் மின்கலக் கொள்ளளவு 60 கிலோவாட்மணி என்றும் கொள்ளப்படுகிறது. வீட்டு மின்கட்டணத்தில் ஒரு யூனிட் எனப்படுவதும் ஒரு கிலோவாட்மணியும் ஒன்றே. மின்கலத்திலிருந்து எடுக்கும் ஆற்றலில் 85 விழுக்காடு சக்கரங்களைச் சென்றடைவதாகவும், உருள் தடை எடையில் 1.5 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்ளலாம். உண்மையான வண்டிகளில் இவை சற்று மாறுபடும். ஆயினும் முடிவின் போக்கு மாறாது.

சமவெளியில் காற்று

சமவெளியில் ஒரே வேகத்தில் செல்லும் வண்டி இரண்டு எதிர்ப்புகளை வெல்ல வேண்டும். ஒன்று சக்கரங்களின் உருள் தடை. இது எடையைப் பொறுத்தது, வேகத்தால் அதிகம் மாறுவதில்லை. மற்றொன்று காற்றுத் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்கிறது. அதாவது வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை நான்கு மடங்காகிறது. கேரவன் பெட்டி போன்ற வடிவம் கொண்டது. வேனுக்கும் அதற்கும் இடையிலுள்ள இடைவெளியில் காற்று சுழல்வதாலும், கேரவனின் தட்டையான பின்புறம் காற்றைப் பின்னோக்கி இழுப்பதாலும் காற்றுத் தடை ஏறத்தாழ இரு மடங்காகிவிடுகிறது.

மேற்கண்ட வேன் தனியாக மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 0.28 கிலோவாட்மணி செலவாகும். கேரவனை இணைத்து அதே வேகத்தில் சென்றால் 0.47 கிலோவாட்மணி ஆகும். ஒரு மின்னேற்றத்தில் செல்லும் தொலைவு ஏறத்தாழ 214 கிலோமீட்டரிலிருந்து 130 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. உயரமான வேன் முன்னே செல்வதால் கேரவன் ஓரளவு அதன் மறைவில் வருகிறது. தாழ்வான மின்கார்கள் கேரவனை இழுக்கும்போது தொலைவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறைவதற்கு இம்மறைவு கிடைக்காததும் ஒரு காரணம்.

வேகத்தை மணிக்கு 60 கிலோமீட்டராகக் குறைத்தால் அதே வேனும் கேரவனும் ஒரு கிலோமீட்டருக்கு 0.34 கிலோவாட்மணியோடு சென்றுவிடும். டீசல் வண்டிக்கும் இதே இயற்பியல்தான். ஆனால் டீசல் தொட்டியை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம் என்பதால் அதன் ஓட்டுநர் இதைக் கணக்கில் கொள்வதில்லை.

மதுரையிலிருந்து உசிலம்பட்டி, ஆண்டிபட்டி, தேனி வழியாகப் போடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். மதுரையைவிடப் போடி சுமார் 250 மீட்டர் உயரமானது. முழு மின்னேற்றத்தோடு புறப்பட்ட வேனும் கேரவனும் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் போடியை அடையும்போது 45 கிலோவாட்மணி செலவாகி, 15 மீதம் இருக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் 34 செலவாகி, 26 மீதம் இருக்கும். மலை ஏறுவதற்குத் தேவையானது, அடுத்த பகுதியில் காட்டப்படுவது போல, 17.5 கிலோவாட்மணி. ஆகவே இடையில் மின்னேற்றம் செய்யாமல் போடிமெட்டை அடைய முடியுமா என்பது மலையில் அல்ல, உசிலம்பட்டிக்கும் ஆண்டிபட்டிக்கும் இடையே ஓட்டுநர் எந்த வேகத்தில் வந்தார் என்பதில் தீர்மானமாகிறது.

ஏற்றத்தில் எடை

முந்தலுக்கு மேலே நிலைமை தலைகீழாகிறது. வளைவுகளில் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டுவது அரிது. அவ்வேகத்தில் காற்றுத் தடை மிகச் சிறிது. மாறாக, ஒவ்வொரு கிலோகிராமையும் ஆயிரம் மீட்டர் உயரத்திற்குத் தூக்கியாக வேண்டும். 3,700 கிலோகிராமை 1,000 மீட்டர் உயர்த்துவதற்கு மட்டும் 10.1 கிலோவாட்மணி தேவை. எவ்வளவு மெதுவாகச் சென்றாலும் இது குறையாது. இதனுடன் 26 கிலோமீட்டர் உருள் தடைக்கு 3.9, காற்றுத் தடைக்கு 0.9 சேர்த்தால் சக்கரங்களில் 14.9 கிலோவாட்மணி ஆகிறது. மின்கலத்திலிருந்து இதற்காக எடுக்கப்படுவது ஏறத்தாழ 17.5 கிலோவாட்மணி. கேரவன் இல்லாத வேனுக்கு 12க்குச் சற்றுக் குறைவாகப் போதும். சமவெளியில் கேரவனின் வடிவமும், மலையில் அதனுள் ஏற்றப்பட்ட பொருட்களும் முதன்மை பெறுகின்றன. நிரப்பிய தண்ணீர்த் தொட்டியைப் போடியிலேயே காலி செய்துவிட்டு மேலே சென்று நிரப்பிக்கொள்வது உண்மையிலேயே பயன் தரும்; 100 லிட்டர் தண்ணீர் 100 கிலோகிராம்.

இந்தியச் சாலைகளில் ஓடும் சிறிய மின் சரக்கூர்தி ஒன்றோடு இதை ஒப்பிடலாம். 2022 ஆம் ஆண்டு அறிமுகமான டாட்டா ஏஸ் ஈவி 21.3 கிலோவாட்மணி மின்கலத்தோடு வந்தது. ஒரு மின்னேற்றத்தில் 154 கிலோமீட்டர் செல்லும் என்று சான்று பெற்றது. அவ்வளவின்படி 26 கிலோமீட்டர் என்பது மின்கலத்தில் ஆறில் ஒரு பங்கு. ஆனால் பாரத்தோடு 1,800 கிலோகிராம் எடையுள்ள அத்தகைய வண்டி எதையும் இழுக்காமலேயே போடிமெட்டு ஏறுவதற்கு 8.7 கிலோவாட்மணி, அதாவது மின்கலத்தில் ஐந்தில் இரண்டு பங்கு தேவைப்படும். விளம்பரங்களில் அச்சிடப்படும் தொலைவு மலைச்சாலைக்குப் பொருந்தாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இழுவிசையைப் பொருத்தவரை மின்னோடிக்குக் குறை ஏதும் இல்லை. அது நின்ற நிலையிலிருந்தே முழு முறுக்குவிசையைத் தரும். 2018 ஆம் ஆண்டில் ஆசுத்திரேலியாவின் மெல்பேர்ண் விமான நிலையத்தில் டெஸ்லா மாடல் எக்ஸ் கார் ஒன்று 130 டன் எடையுள்ள போயிங் 787 விமானத்தை ஏறத்தாழ 300 மீட்டர் இழுத்தது. அக்காட்சி பலரையும் வியக்க வைத்தது. ஆயினும் தட்டையான ஓடுபாதையில் 300 மீட்டர் இழுப்பதற்கும் 26 கிலோமீட்டர் ஏறுவதற்கும் தொடர்பில்லை. முன்னதற்கு விசை போதும். பின்னதற்கு ஆற்றல் வேண்டும்.

கொண்டை ஊசி வளைவில் முன்னே செல்லும் லாரி நின்றுவிட்டால் பின்னால் வரும் டீசல் வண்டி ஏற்றத்தில் மீண்டும் கிளம்புவதற்குள் கிளட்ச் கருகும் வாடை வந்துவிடும். மின்னூர்தியில் கிளட்ச் இல்லை. மேலும், காற்றழுத்தம் குறையும் உயரங்களில், சுழலி பொருத்தாத எஞ்சின் ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் தன் திறனில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. மின்னோடிக்கு இவ்விழப்பும் இல்லை. ஆனால் நீண்ட ஏற்றத்தில் மின்னோடியும் மின்கலமும் சூடேறுகின்றன. சூடு ஒரு வரம்பைத் தாண்டினால் வண்டி தானாகவே திறனைக் குறைத்துக்கொள்ளும். கோடைப் பிற்பகலில் முழுப் பாரத்தோடு முந்தலிலிருந்து ஏறுவதைவிட அதிகாலையில் ஏறுவது இதனால் நல்லது.

இறக்கத்தில் திரும்பி வரும் ஆற்றல்

ஏறும்போது செலவிட்ட ஆற்றலின் ஒரு பகுதி இறங்கும்போது திரும்பக் கிடைக்கிறது. முடுக்கியிலிருந்து காலை எடுத்தவுடன் மின்னோடி மின்னியற்றியாக மாறி, சக்கரங்களின் சுழற்சியைத் தடுத்து, அதிலிருந்து வரும் மின்சாரத்தை மின்கலத்தில் சேர்க்கிறது. இது மீட்பு நிறுத்தம் எனப்படுகிறது. மேற்கண்ட வேனும் கேரவனும் போடிமெட்டிலிருந்து இறங்கும்போது உருள் தடையும் காற்றும் எடுத்துக்கொண்டது போக ஏறத்தாழ 5.3 கிலோவாட்மணி மிஞ்சும். அதில் 3.5 முதல் 4 கிலோவாட்மணி வரை மின்கலத்திற்குத் திரும்பலாம். செலவழித்த 17.5 உடன் ஒப்பிட்டால் இது சிறிய தொகை. ஆனால் இதன் மதிப்பு சேமிப்பில் மட்டும் இல்லை. மீட்பு நிறுத்தம் இல்லையென்றால் அந்த 5.3 கிலோவாட்மணியும் பிரேக்குகளில் வெப்பமாக மாற வேண்டும். அவ்வெப்பம் 30 பாகை செல்சியசு வெப்பநிலையில் உள்ள 65 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமானது. மலைச்சாலைகளில் பிரேக் பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் இத்தகைய சூடே காரணம். டீசல் வண்டியின் ஓட்டுநர்கள் இரண்டாம் கியரில் இறங்குவதும் பிரேக்கின் சுமையை எஞ்சினுக்கு மாற்றுவதற்காகவே.

இங்கு கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. மின்கலம் முழுவதும் நிரம்பியிருந்தால் திரும்பி வரும் மின்சாரத்திற்கு இடமிருக்காது. அப்போது மீட்பு நிறுத்தம் குறைந்துவிடும் அல்லது முற்றிலும் நின்றுவிடும். பாரம் முழுவதும் உராய்வு பிரேக்குகள் மேல் விழும். போடிமெட்டிலேயே இரவு தங்கி, காலையில் நூறு விழுக்காடு மின்னேற்றம் செய்துகொண்டு முதல் வளைவில் இறங்கும் ஓட்டுநர் இந்நிலைக்கு உள்ளாவார். முழுதாக நிரப்புவதே பாதுகாப்பு என்ற எண்ணம் இங்கு எதிராக வேலை செய்கிறது. 60 கிலோவாட்மணி மின்கலத்தில் 90 விழுக்காட்டோடு நிறுத்தினால் 6 கிலோவாட்மணிக்கு இடம் இருக்கும். இறக்கம் முழுவதற்கும் அது போதும். மூணாறில் நிரப்பியவருக்கு இச்சிக்கல் இல்லை. போடிமெட்டை அடைவதற்குள் அந்த 42 கிலோமீட்டரில் போதிய இடம் உண்டாகிவிடும்.

மீட்பு நிறுத்தம் வேனின் சக்கரங்களில் மட்டுமே செயற்படுகிறது. கேரவனோ தன் எடையால் வேனைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வரும். ஐரோப்பிய வகைக் கேரவன்கள் பலவற்றில் இத்தள்ளலைக் கொண்டே இயங்கும் பிரேக் உள்ளது. வேன் வேகம் குறைந்ததும் கேரவன் கொக்கியை அழுத்துகிறது. அவ்வழுத்தம் ஒரு தண்டின் வழியாகச் சென்று கேரவனின் பிரேக்கைப் பிடிக்கச் செய்கிறது. குறுகிய நிறுத்தங்களுக்கு இது நன்று. ஆனால் 17 வளைவுகள் நெடுகிலும் வேன் இடைவிடாமல் மெல்லத் தடுத்துக்கொண்டே இறங்கும்போது கேரவனின் பிரேக்கும் இடைவிடாமல் லேசாக உரசிச் சூடேறுகிறது. வேனில் எல்லாம் சரியாக இருப்பது போலவே ஓட்டுநருக்குத் தோன்றும். இடையில் சாலை அகன்ற இடத்தில் ஒதுக்கி நிறுத்திக் கேரவன் சக்கரங்களின் சூட்டை, கையால் தொடாமல் அருகில் வைத்துப் பார்ப்பது வழக்கமாக இருத்தல் வேண்டும். நிறுத்தியதும் சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைப்பதும் இன்றியமையாதது.

முன்பாரமும் பின்பாரமும்

மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் என்ற சொற்கள் நன்கு பழக்கமானவை. பாரம் முன்னே மிகுந்தால் நுகத்தடி மாடுகளின் கழுத்தை அழுத்தும்; பின்னே மிகுந்தால் நுகத்தடி மேலெழும். கேரவனுக்கும் இதே விதிதான். கேரவன் எடையில் ஒரு சிறு பகுதி கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். ஐரோப்பாவில் 5 முதல் 7 விழுக்காடும், அமெரிக்காவில் 10 முதல் 15 விழுக்காடும் பரிந்துரைக்கப்படுகின்றன. பின்பாரம் மிகுந்த கேரவன் வேகத்தில் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். இறக்கத்தில் இவ்வாட்டம் வளர்ந்து வேனையும் சேர்த்துச் சாலையை விட்டு இழுத்துவிடக்கூடும். இது மின்னூர்திக்கு மட்டும் உரிய குறை அன்று. மின்கலம் தரைமட்டத்தில் அமைவதால் மின்வேன் கனமாகவும் தாழ்ந்த எடைமையத்தோடும் இருப்பது இதில் ஒரு நன்மை. இழுக்கும் வண்டியின் எடையில் 85 விழுக்காட்டிற்குள் கேரவன் எடை இருக்க வேண்டும் என்பது பிரித்தானியாவில் புதிய ஓட்டுநர்களுக்குக் கூறப்படும் அறிவுரை.

வளைவுகளில் கேரவனின் சக்கரங்கள் வேனின் தடத்தைப் பின்பற்றுவதில்லை. வளைவின் உட்புறமாக வெட்டிக்கொண்டு செல்லும். ஆகையால் கொண்டை ஊசி வளைவில் வேன் வெளிப்பக்கமாக அகன்று திரும்ப வேண்டும். இதற்கு எதிர்த் தடத்தின் ஒரு பகுதியும் தேவைப்படலாம். அகலம் போதாத மலைச்சாலையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது இந்தியச் சாலை விதி. கேரவனோடு இறங்குபவர் வளைவுக்கு முன்பே நின்று காத்திருப்பதே முறை. வளைவின் நடுவே எதிரெதிராக நின்றுவிட்டால், கேரவனைப் பின்னோக்கி ஏற்றத்தில் தள்ளுவது தேர்ந்த ஓட்டுநருக்கும் கடினம்.

மின்னேற்றமும் பதிவும்

மின்னேற்ற நிலையங்களில் பல, கார் ஒன்று முகப்பை நுழைத்து நிற்கும் அளவுக்கே அமைந்துள்ளன. கேரவனோடு வருபவர் அதை வேறிடத்தில் கழற்றி நிறுத்திவிட்டு வேனை மட்டும் கொண்டுசெல்ல நேரும். பெட்ரோல் நிலையம் போல் ஒருபுறம் நுழைந்து மறுபுறம் வெளியேறும் அமைப்பு இருந்தால் இத்தொல்லை இல்லை. போடி நகரிலேயே, அதாவது ஏற்றம் தொடங்குமுன், மின்னேற்றம் செய்துகொள்வது கணக்கின்படியும் இடவசதியின்படியும் பொருத்தமானது.

இந்தியாவின் 1988 ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இழுவண்டிக்கும் தனிப் பதிவு தேவை. அதன் பதிவெண் வண்டியின் பக்கவாட்டிலும், இழுக்கும் வண்டியின் பதிவெண் இழுவண்டியின் மேலும் காட்டப்பட வேண்டும். இழுக்கும் வேன் அவ்வேலைக்கென உற்பத்தியாளரால் சான்று பெற்றதாகவும் இருக்க வேண்டும். மின்னோடிக்கு விசை இருக்கிறது என்பதற்காகக் கொக்கியைப் பற்றவைத்துக்கொள்வது தவறு. சட்டகமும் பிரேக்கும் அப்பாரத்திற்கென வடிவமைக்கப்பட்டிருப்பதில்லை.

தானே உந்தும் கேரவன்

கேரவனுக்கே மின்கலமும் மின்னோடியும் பொருத்துவது இச்சிக்கல்களுக்கு முன்வைக்கப்படும் ஒரு தீர்வு. டெத்லெஃப்ஸ் நிறுவனம் உருவாக்கிய ஈ.ஹோம் கோகோ என்ற மாதிரிக் கேரவனில் 80 கிலோவாட்மணி மின்கலம் இருந்தது. 2021 ஆம் ஆண்டில் ஔடி ஈ-டிரான் மின்கார் ஒன்று இதை இணைத்துக்கொண்டு செருமனியின் இசுனி நகரிலிருந்து ஆல்ப்சு மலையைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரி வரை 386 கிலோமீட்டர் தொலைவை வழியில் மின்னேற்றம் செய்யாமல் சென்றடைந்தது. கேரவன் தன் எடையைத் தானே தள்ளியதால் காரின் மின்கலம் ஏறத்தாழத் தனியாகச் செல்வது போலவே செலவானது. மின்கலத்தால் கேரவனின் எடை கூடுகிறது, விலையும் பெரிது. ஆனால் இறக்கத்தில் இவ்வமைப்பு தரும் நன்மை ஏற்றத்தில் தருவதைவிடப் பெரிது எனலாம். கேரவனின் சக்கரங்களே மீட்பு நிறுத்தம் செய்வதால், அது முன்னே செல்லும் வண்டியைத் தள்ளாமல், சற்றே பின்னோக்கி இழுத்தபடி இறங்குகிறது.